பெஞ்ச்மார்க்கை முதலில் சோதித்தேன், கணினியைப் பிறகு

கணினியின் வேகத்தை அளந்து சொல்கிற ஒரு பெஞ்ச்மார்க் மென்பொருள் காட்டும் எண்ணை நம்பலாமா என்று தெரிய வேண்டுமென்றால், நமக்கு நன்றாகப் பழகிய ஒரு கணினியில் போட்டு முதலில் அந்த மென்பொருளையே சோதித்துப் பார்க்க வேண்டும். ஒன்றையும் மாற்றாமல் திரும்பத் திரும்ப ஓட்டினால் அதே எண் வருகிறதா, வேலையைப் பாதிக்கிற ஏதாவதொன்றை வேண்டுமென்றே கெடுத்தால் எண் இறங்குகிறதா, எதைத் தொட்டால் இறங்குகிறது, எதைத் தொட்டால் அசையாமல் கிடக்கிறது. இவ்வளவும் தெரிந்த பிறகுதான் புதிதாக வருகிற பெட்டியில் அதை ஓட்டுவதில் பிரயோசனம் இருக்கிறது. நான் இதைச் செய்து பார்த்த விதத்தையும் கிடைத்த முடிவையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

காரணம் இதுதான். திருகோணமலை உப்புவெளிப் பக்கம் சின்ன ஸ்டூடியோ நடத்துகிற தம்பி ஒருவர் பாவித்த கணினி ஒன்று வாங்க நினைத்தார். கல்யாணம், சாமத்தியவீடு, கோயில் திருவிழா என்று வீடியோ எடுத்து எடிட் பண்ணிக் கொடுப்பதுதான் தொழில். கொழும்பிலிருந்து வந்த பழைய அலுவலகப் பெட்டிகள் இரண்டு, கிட்டத்தட்ட ஒரே விலையில், அவருக்குக் காட்டப்பட்டன. ஒன்றில் 2012-இல் வந்த இன்டெல் சிபியூவான ஐ7-3770, மற்றதில் 2015-இல் வந்த ஐ5-6500. விற்பவர் ஐ7-ஐத் தள்ளிவிடத்தான் பார்த்தார், கூடவே வாட்ஸ்அப்பில் ஒரு பெரிய எண்ணோடு ஸ்கிரீன்ஷொட்டும் அனுப்பியிருந்தார். "அண்ணா, இதில எது நல்லம்? ஐ7 தானே பெரிசு?" என்று தம்பி கேட்டார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், அந்த எண் அந்தப் பெட்டியில் எடுத்ததே இல்லை. அதே மாடல் சிபியூவுக்கு இணையத்தில் போட்டிருக்கிற சராசரி. ஆயிரக்கணக்கான பேர் தங்கள் வீட்டில் ஓட்டி அனுப்பியவற்றின் சராசரி அந்த மாடலைப் பற்றி ஏதோ சொல்லும், தூசி பிடித்து, சிபியூவின் வெப்பத்தைக் கடத்துகிற தெர்மல் பேஸ்ட் காய்ந்து, ஒற்றை ராமோடு நிற்கிற இந்தப் பெட்டியைப் பற்றி ஒன்றுமே சொல்லாது.

சோதனைக்கு என் மேசையில் இருக்கிற ஐ5-8400-ஐ எடுத்துக்கொண்டேன். ஆறு கோர், எட்டு ஜிபி ராம் இரண்டு, சாட்டா எஸ்எஸ்டி. அதன் சுபாவம் எனக்குத் தெரியும்.

ஓட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய ஆயத்தங்களில் பெரும்பாலானவை எல்லோருக்கும் தெரிந்தவைதான்: விண்டோஸ் அப்டேட் பின்னால் ஓடிக்கொண்டிருக்கக் கூடாது, பவர் பிளானை ஹை பெர்ஃபோமன்ஸில் வைக்க வேண்டும், கணினியைத் திறந்த உடனே ஓட்டாமல் கொஞ்ச நேரம் சும்மா விட வேண்டும், ஏனென்றால் முதல் சில நிமிடங்கள் விண்டோஸ் தன் பாட்டில் இன்டெக்ஸ், வைரஸ் ஸ்கான் என்று ஏதாவது செய்துகொண்டிருக்கும். இவற்றோடு திருகோணமலையில் இருக்கிறவர்கள் கட்டாயம் எழுதி வைக்க வேண்டியது அறையின் வெப்பம். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் பின்னேரம் இரண்டு மணிக்கு இருக்கிற அறை வேறு, விடியற்காலை அறை வேறு. எஸி போட்ட ஆய்வுகூடத்தில் எடுத்த எண்களை வைத்து எழுதுகிற விமர்சனங்களில் இந்தப் பிரச்சினை வருவதே இல்லை, நமக்கோ அதுதான் முதல் பிரச்சினை. கணினிக்குள் இருக்கிற உணரிகளைப் படித்துக் காட்டுகிற எச்டபிள்யூஇன்ஃபோவைப் பின்னால் ஓடவிட்டு, சிபியூ வெப்பத்தையும் கிளொக் வேகத்தையும் செக்கனுக்குச் செக்கன் ஒரு கோப்பில் பதிய வைத்தேன். அந்தக் கோப்பு இல்லாத ஸ்கோரை நான் இப்போது ஏற்றுக்கொள்வதில்லை.

முதலில் எடுத்தது சினிபெஞ்ச் ஆர்23. சினிமா 4டி செய்கிற மாக்ஸன் நிறுவனத்தின் இலவச மென்பொருள், 2020-இல் வந்தது, அந்த 3டி மென்பொருளின் ரெண்டர் எஞ்சினையே வைத்து ஒரு காட்சியை வரைய வைத்து நேரம் பார்க்கிறது. இதில் எனக்குப் பிடித்தது, ஒரு தடவை வரைந்துவிட்டு நிறுத்தாமல் குறைந்தது பத்து நிமிடம் திரும்பத் திரும்ப வரைய வைக்கிறது, விரும்பினால் முப்பது நிமிடமும் வைக்கலாம். ஒன்றும் மாற்றாமல் ஓட்டியபோது எண்கள் ஒரு சதவீதத்துக்குள்தான் ஏறி இறங்கின. இரண்டு ராமில் ஒன்றைக் கழற்றிவிட்டு ஓட்டினேன். அசையவே இல்லை. எஸ்எஸ்டிக்குப் பதில் பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருந்து ஓட்டினேன், அதற்கும் அசையவில்லை. வேலை கூடும்போது சிபியூ தானாக வேகத்தைக் கூட்டுகிற டர்போவை பயாஸில் நிறுத்தினேன், உடனே இறங்கியது. அப்படியென்றால் இது பார்ப்பது சிபியூ கோர்களின் வேகத்தையும் அவற்றைக் குளிராக்குகிற விசிறியையும்தான், வேறு ஒன்றையும் அல்ல. கணினி வேகமா என்ற கேள்விக்கு இது பதிலாகாது. சிபியூவும் அதன் கூலரும் சொன்னபடி வேலை செய்கின்றனவா என்ற கேள்விக்கு மிக நல்ல பதில்.

சினிபெஞ்சின் 2024 பதிப்பும் இருக்கிறது, ஆனால் அதற்கு ஏவிஎக்ஸ்2 கட்டளைகள் தெரிந்த சிபியூ வேண்டும். இன்டெலில் அவை வந்தது 2013-இன் நான்காம் தலைமுறையில், ஆகவே ஐ7-3770-இல் அது ஓடாது. பழைய பெட்டிகளை ஒப்பிட ஆர்23-தான் சரி. இரண்டு பதிப்புகளின் எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே கூடாது, அளவுகோலே வேறு.

கீக்பெஞ்ச் 6 இன்னொரு விதம். பிடிஎஃப் காட்டுவது, இணையப் பக்கம் திறப்பது, கோப்பு சுருக்குவது, படங்களை வகைப்படுத்துவது, படத்தில் இருந்து ஒரு பொருளை அழிப்பது என்று அன்றாட வேலைகளைச் சின்னச் சின்னத் துண்டுகளாகச் செய்ய வைத்து, 2,500 என்ற எண்ணை ஐ7-12700-க்கு நிலையாக வைத்து மற்றவற்றை அதோடு ஒப்பிடுகிறது. ஸ்டூடியோக்காரருக்கு இந்த வேலைகள் 3டி ரெண்டரை விட நெருக்கமானவை. ஆனால் அது துண்டுகளுக்கு இடையில் வேண்டுமென்றே கொஞ்சம் ஓய்வு விடுகிறது, வெப்பத்தால் முடிவு மாறக் கூடாது என்பதற்காக. நடுப்பகலிலும் ஓட்டினேன், விடியவும் ஓட்டினேன், பெரிய வித்தியாசம் வரவில்லை. அதை உருவாக்கியவர்கள் நினைத்தபடியே வேலை செய்கிறது என்று சொல்ல வேண்டும். சிப் எவ்வளவு திறமானது என்று தெரிய அது நல்லது. ஆனால் ஒரு மணி நேரக் கல்யாண வீடியோவை எக்ஸ்போர்ட் பண்ணும்போது சிபியூவுக்கு ஓய்வு கிடைப்பதில்லை, இந்த ஊர் வெக்கையில் நாற்பதாவது நிமிடத்தில் என்ன நடக்கும் என்பதுதான் எங்கள் கேள்வி.

கீக்பெஞ்சில் இன்னொரு விஷயம், இலவசப் பதிப்பு முடிவை இணையத்தில் ஏற்றித்தான் காட்டும். இணைப்பு இல்லாத இடத்தில் பிரயோசனமில்லை, அதோடு அந்தப் பக்கம் யாரும் பார்க்கக் கூடியது. வேறொருவரின் கணினியில் ஓட்டுகிறீர்கள் என்றால் அவரிடம் சொல்லிவிட்டு ஓட்டுங்கள்.

நான் எதிர்பார்த்ததை விட அதிகம் உதவியது 7-ஸிப். கோப்பு சுருக்குகிற அந்தச் சின்ன இலவச மென்பொருளின் டூல்ஸ் பட்டியலிலேயே ஒரு பெஞ்ச்மார்க் இருக்கிறது, தனியாக எதையும் இறக்கத் தேவையில்லை. எத்தனை திரெட், அதாவது ஒரே நேரத்தில் எத்தனை வேலை இழைகள், என்று நாமே குறிக்கலாம், சுருக்கும் வேகத்தையும் விரிக்கும் வேகத்தையும் தனித்தனியாகக் காட்டும். சுருக்குவது ராமின் தாமதத்தையும் சிபியூவுக்குள் இருக்கிற சின்ன நினைவகமான கேஷையும் பொறுத்தது, விரிப்பது பெரும்பாலும் சிபியூவின் கணக்கு வேகத்தைப் பொறுத்தது. ஒரு ராமைக் கழற்றியபோது சுருக்கும் எண் கண்ணுக்குத் தெரிகிற அளவு இறங்கியது, விரிக்கும் எண் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நின்றது. ஒரே மென்பொருளுக்குள் இரண்டு எண், ஒன்று விழுந்து மற்றது விழாவிட்டால் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது. இப்படிப் பிரித்துக் காட்டுகிற மென்பொருளைத்தான் நான் நல்ல பெஞ்ச்மார்க் என்று சொல்வேன்.

இதற்கு நேர் எதிர், எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாகத் தருபவை. சிபியூ, ராம், டிஸ்க், கிராஃபிக் எல்லாவற்றுக்கும் யாரோ ஒருவர் தீர்மானித்த விகிதத்தில் கூட்டிப் பெருக்கி ஒரு மொத்த ஸ்கோர். எஸ்எஸ்டியை மாற்றினால் மொத்தம் ஏறுகிறது, வாங்குபவர் சிபியூ நல்லது என்று நினைத்துக்கொள்கிறார். இந்த விஷயத்தில் விண்டோஸ் விஸ்டா காலத்து எக்ஸ்பீரியன்ஸ் இன்டெக்ஸ் எனக்கு இன்றும் நியாயமாகப் படுகிறது. அது சராசரி எடுக்கவில்லை, துணை ஸ்கோர்களில் எது மிகக் குறைவோ அதையே மொத்த ஸ்கோராகக் காட்டியது. பலவீனமான பகுதி எதுவோ அதுதான் முன்னால் வந்து நிற்கும். விண்டோஸ் 8.1-இல் அந்தத் திரையை எடுத்துவிட்டார்கள், ஆனால் அதற்கு அடியில் இருந்த வின்சாட் கட்டளை விண்டோஸ் 10-இலும் இருக்கிறது.

பிசிமார்க் 10 உண்மையான அலுவலக வேலைகளை வைத்துச் சோதிக்கிற ஒழுங்கான மென்பொருள், ஆனால் இறக்குவதற்கே ஜிபி கணக்கில் டேட்டா போகும், இந்த இரண்டு பெட்டிகளுக்காக அது அவசியமில்லை என்று விட்டுவிட்டேன்.

சரி, பெட்டிகளுக்கு வருவோம். விற்பவர் சோதித்துப் பார்க்க இரண்டையும் சனி, ஞாயிறு தந்தார், அந்த அளவில் நல்ல மனுஷன்.

ஐ7 பெட்டியில் புது எஸ்எஸ்டி ஒன்று போட்டிருந்தார்கள், ஐ5-இல் பழைய ஹார்ட் டிஸ்க். கடையில் இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்து காட்டியபோது ஐ7 பாய்ந்து வந்ததில் வியப்பே இல்லை, அங்கே போட்டி நடந்தது டிஸ்க்குகளுக்கு இடையில். ஆகவே முதல் வேலையாக என்னிடம் இருந்த ஒரே எஸ்எஸ்டியை மாறி மாறி இரண்டிலும் பூட்டி, இரண்டிலும் புதிதாக விண்டோஸ் போட்டு, ராமையும் இரண்டிலும் எட்டு ஜிபியாக்கினேன். ஒன்றில் பழைய தலைமுறை ராமான டிடிஆர்3, மற்றதில் டிடிஆர்4, அதை ஒன்றும் செய்ய முடியாது, அது அந்தந்தக் கணினியோடு வருகிற குணம்.

ஐ7-இல், டிஸ்க் வேகத்தை அளக்கிற கிரிஸ்டல்டிஸ்க்மார்க் ஓட்டியபோது, பெரிய கோப்பைத் தொடர்ந்து படிக்கிற வேகத்தைக் காட்டுகிற மேல் வரியில் செக்கனுக்கு 270 எம்பி அளவுதான் வந்தது. அதே எஸ்எஸ்டி என் கணினியில் 500-ஐத் தாண்டும். பெட்டியைத் திறந்து பார்த்தால், அந்தக் காலத்துப் போர்டில் சாட்டா போர்ட்டுகளில் சில 3 ஜிகாபிட், சில மட்டும் 6 ஜிகாபிட். கேபிள் 3 ஜிகாபிட் போர்ட்டில் இருந்தது. மாற்றிப் பூட்டியதும் மேல் வரி இரண்டு மடங்காகிவிட்டது. இங்கேதான் பார்க்க வேண்டிய விஷயம் இருக்கிறது: மேல் வரி இரட்டித்தும் விண்டோஸ் திறக்கும் நேரத்தில் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. கீழே கடைசி வரியில், சின்னச் சின்ன 4கே துண்டுகளை ஒவ்வொன்றாகப் படிக்கிற வேகம், அது முன்னும் பின்னும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. மென்பொருள்கள் திறப்பது, விண்டோஸ் எழும்புவது எல்லாம் அந்தக் கடைசி வரியைப் பொறுத்தவை. ஹார்ட் டிஸ்க்கில் அந்த வரி ஒரு எம்பிக்கும் கீழே நிற்கும், சாதாரண எஸ்எஸ்டியில் பல மடங்கு மேலே. விளம்பரத்தில் போடுவது எப்போதும் மேல் வரி.

ஆனால் ஸ்டூடியோவில் நூறு ஜிபி வீடியோவைக் கமரா கார்ட்டில் இருந்து இறக்குவதற்கு மேல் வரியும் வேண்டும், அங்கே வேறொரு சிக்கல். கிரிஸ்டல்டிஸ்க்மார்க் வழக்கமாக ஒரு ஜிபி கோப்பை வைத்துத்தான் சோதிக்கிறது. மலிவான எஸ்எஸ்டிகளில் முதலில் எழுதுவதை வேகமாக வாங்கி வைக்க ஒரு பகுதி இருக்கும், அது நிரம்பும் வரைதான் அந்த வேகம். ஒரு ஜிபி அதற்குள்ளேயே அடங்கிவிடும். விற்பவர் போட்டிருந்த எஸ்எஸ்டியில் சோதனைக் கோப்பின் அளவைக் கூட்டியும் பார்த்தேன், பிறகு பழைய கல்யாண ஃபோல்டர் ஒன்றை அப்படியே கொப்பி பண்ணினேன். பாதி தாண்டியதும் வேகம் ஹார்ட் டிஸ்க் அளவுக்கு இறங்கி, கடைசி வரை அப்படியே நின்றது. எந்த பெஞ்ச்மார்க்கையும் விட அந்த ஃபோல்டர் தெளிவாகச் சொன்னது.

அடுத்தது சிபியூ. 7-ஸிப் எல்லா திரெட்டிலும் ஓடியபோது ஐ7 தெளிவாக முன்னால் நின்றது, அதில் நான்கு கோருக்கு எட்டு திரெட், ஐ5-இல் நான்குதான், ஒரு கோரில் இரண்டு திரெட் ஓட வைக்கிற ஹைப்பர்திரெடிங்கை 7-ஸிப் நன்றாகப் பயன்படுத்தும். சினிபெஞ்சில் ஒற்றைக் கோரில் ஐ5 முன்னால், எல்லாக் கோர்களிலும் கிட்டத்தட்ட சமம். இதை முதலில் பார்த்த தம்பி, "அப்ப எது சரி அண்ணா, ஒண்டு இதைச் சொல்லுது, மற்றது அதைச் சொல்லுது" என்றார். இரண்டுமே சரி. எட்டு வேலையைச் சமமாகப் பங்கிட்டுக் கொடுக்க முடிந்தால் ஐ7, ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய வேண்டிய வேலையென்றால் ஐ5. ஃபோட்டோஷொப்பில் பெரும்பாலான வேலை இரண்டாவது வகை.

பிறகு அரை மணி நேர சினிபெஞ்ச், பின்னேர வெக்கையில். ஐ7 தொடக்கத்தில் 3.7 கிகாஹேர்ட்ஸில் நன்றாகத்தான் ஓடியது, கொஞ்ச நேரத்தில் வெப்பம் நூறு டிகிரியைத் தாண்ட, கிளொக் மூன்றுக்கும் கீழே விழுந்தது. எச்டபிள்யூஇன்ஃபோ கோப்பில் அந்தச் சரிவு அப்படியே தெரிந்தது. ஹீட்சிங்கைக் கழற்றினால் தகடுகளுக்கு இடையில் தூசியும் கடல் காற்றின் உப்பு ஈரமும் சேர்ந்து களிமண் போல இறுகிக் கிடந்தது. வெறும் புளோவருக்கு அது அசையாது, தூரிகையும் ஐசோப்ரோபைல் அல்கஹோலும் போட்டுத்தான் எடுக்க வேண்டியிருந்தது. பேஸ்ட் தூளாகிவிட்டது. சுத்தம் பண்ணிப் புதுப் பேஸ்ட் வைத்து அதே நேரத்தில் அதே அறையில் திரும்ப ஓட்ட, கிளொக் விழவில்லை, ஸ்கோரும் மேலே வந்தது. இந்தப் பழுதை கீக்பெஞ்ச் கிட்டத்தட்ட மறைத்துவிட்டிருந்தது. ஐ5 குறைவாகச் சூடாகிற 65 வாட் சிப், அதே அளவு அழுக்கோடும் பெரிதாகத் தடுமாறவில்லை, இருந்தாலும் அதையும் சுத்தம் பண்ணினேன்.

இந்த இடத்தில் சிபியூக்கள் இரண்டும் ஏறத்தாழச் சமம் என்றுதான் எல்லா எண்களும் சேர்ந்து சொல்லின. தம்பியின் சொந்த வீடியோவைப் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

அவருடைய கமரா 4கே வீடியோவை எச்இவிசி என்ற சுருக்க முறையில், 8-பிட்டில் பதிகிறது. ஐ5-6500-க்குள் இருக்கிற கிராஃபிக் பகுதியில் அந்த முறையைப் பிரிப்பதற்கென்றே தனிச் சுற்று இருக்கிறது. 3770-இன் கிராஃபிக் பகுதி வந்தபோது எச்இவிசி தரமே முடிவாகவில்லை, அது எச்.264 போன்ற பழைய முறைகளை மட்டும்தான் அறியும். ஆகவே ஐ7 எல்லாவற்றையும் சிபியூவாலேயே பிரிக்க வேண்டும். டைம்லைனை இழுத்துப் பார்த்தால் ஐ7-இல் எட்டு திரெட்டும் மேலே முட்டிக்கொண்டு நிற்க, படம் தடக்கித் தடக்கி ஓடியது. ஐ5-இல் டாஸ்க் மனேஜரில் வீடியோ டிகோட் கோடு மட்டும் எழும்பி, சிபியூ பாதியும் வேலை செய்யாமல் படம் வழுக்கிக்கொண்டு போனது. பத்து நிமிடத் துண்டு ஒன்றை எக்ஸ்போர்ட் பண்ணியபோதும் ஐ5 வெகு முன்னதாக முடித்தது. சினிபெஞ்ச், கீக்பெஞ்சின் சிபியூ சோதனை, 7-ஸிப் மூன்றும் அந்தச் சுற்றைத் தொடுவதே இல்லை. அவற்றை எத்தனை கவனமாக ஓட்டினாலும் இந்த வித்தியாசம் வராது. 10-பிட்டில் பதிகிற கமரா வைத்திருப்பவர்கள் ஏழாம் தலைமுறையில் இருந்துதான் பார்க்க வேண்டும், 6500 அதற்குப் போதாது.

தம்பி ஐ5-ஐ எடுத்தார். டிஸ்க் கொப்பியின் வேகச் சரிவைக் காட்டியதில், விற்பவர் அந்த எஸ்எஸ்டியை இதற்கு மாற்றித் தருவதற்குப் பதிலாக, ஹார்ட் டிஸ்க்கைக் கழித்து விலையைக் குறைத்துக்கொண்டார். மிச்சக் காசில் நல்ல எஸ்எஸ்டி ஒன்றும் எட்டு ஜிபி ராம் இன்னொன்றும் வாங்கிப் பூட்டினோம். இரண்டாவது ராம் போட்டதும் 7-ஸிப்பின் சுருக்கும் எண் என் மேசைக் கணினியில் பார்த்தது போலவே ஏறியது.

கடைசியாக அவருடைய டெஸ்க்டொப்பில் ஒரு டெக்ஸ்ட் கோப்பு வைத்தேன். சினிபெஞ்ச் ஆர்23 அரை மணி நேர ஸ்கோரும் அப்போதைய உச்ச வெப்பமும், 7-ஸிப் இரண்டு எண்ணும் அதன் பதிப்பு எண்ணும், டிஸ்க்கின் கடைசி வரி, அந்தப் பத்து நிமிடத் துண்டு எக்ஸ்போர்ட் ஆன நேரம், அறை வெப்பம், திகதி. துண்டையும் அதே ஃபோல்டரில் விட்டிருக்கிறேன், அழிக்க வேண்டாம் என்று சொல்லி. அடுத்த கச்சானுக்குள் கணினி மெதுவாகிவிட்டது என்று அழைத்தால், முதலில் அந்தத் துண்டை ஓட்டி நேரம் பார்த்துவிட்டு அழைக்கச் சொல்லியிருக்கிறேன்.